பஞ்சவர்ணம் போட்ட கோட்டுகள்

அன்புத் தம்பிக்கு,

உன் அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அண்ணியும் சுகமே. அடுத்த வரியில் உன் சுகத்தை விசாரிக்க வேண்டும். பதினொரு வருஷமாக விசாரிக்காதவன் திடீரென்று ஒரே வரியில் விசாரித்தால் தாளுக்கே கூச்சமாக இருக்கும் என்பதால், அந்த வரியை எழுதாமல் இடம் மட்டும் விட்டிருக்கிறேன். கோட் தைக்கும்போது பக்கத் தையலில் கொஞ்சம் துணியை உள்ளே மடித்து விட்டு வைப்போமே, பின்னால் தேவைப்பட்டால் பிரித்துக்கொள்ள, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்.

நிற்க. நான் அளவு நோட்டைத் தவிர வேறு எதிலும் எழுதிப் பழக்கமில்லாதவன் என்பது உனக்குத் தெரியும். மார்பு, இடுப்பு, கை நீளம், இதற்கு மேல் ஒரு மனிதனைப் பற்றி நான் எழுதியது கிடையாது. அதனால் எதிரில் ஒரு ரிட்டையர்டு டீச்சர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் திருத்திக்கொண்டிருக்கிறார். கடிதம் இவ்வளவு இலக்கண சுத்தமாக இருப்பதற்கு அவரே பொறுப்பு. அவர் எழுந்து போய்விட்டால் அதற்குப் பிறகு வருவதற்கு நான் பொறுப்பில்லை.

கடை இப்போது பழைய இடத்தில் இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் கோல்ஃப் கிளப் கேட்டுக்கு நேர் எதிரே மாற்றிவிட்டேன், முன்பக்கம் கடை, உள்பக்கம் வீடு. மாடியில் ஒரு பல் டாக்டர், பக்கத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற ஒரு மாஸ்டர், பின்பக்கத்து வீட்டில் இந்த டீச்சர். இந்த மூவரும் சனி, ஞாயிறு மத்தியானம் தவறாமல் என் கடையில் கூடிவிடுவார்கள். இஸ்திரிப் பெட்டிக்கு மேலே பலகை அடித்து ஒரு டிவி வைத்திருக்கிறேன். ட்ரையல் பார்க்க வந்து காத்திருக்கிறவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று வைத்தது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பல் டாக்டர் கோல்ஃப் ஆடுகிறவர். அவர் அடித்த பந்துகள் கிளப்புக்குள் இருப்பதைவிட எங்கள் தெருவில்தான் அதிகம். டிரைவிங் மாஸ்டர் முன்பு அதே கிளப்பில் பயிற்சி மைதானத்தில் பந்து பொறுக்குகிற வண்டி ஓட்டியவர். கம்பிக் கூண்டு போட்ட வண்டி. அதைக் கண்டதும் அத்தனை பேரும் அதைக் குறி வைத்துத்தான் அடிப்பார்களாம். ஆகவே கோல்ஃப் என்ற விளையாட்டை அவர் பந்து வருகிற பக்கத்திலிருந்து தெரிந்துவைத்திருக்கிறார். டீச்சர் மட்டையைக் கையால் தொட்டதே இல்லை. ஆனால் எந்த ஆட்டக்காரருக்கு எந்த முழங்கால் வலி என்பது வரைக்கும் சொல்லுவார்.

இவர்கள் வருவது ஆட்டம் பார்க்க என்று நீ நினைத்தால் தப்பு. இவர்கள் வந்தது உன்னைப் பார்க்க.

நீ பழைய சேனலை விட்டுவிட்டு முதன்முதலாக இந்தச் சேனலில் கோல்ஃப் வர்ணனைக்கு வந்தாயே, அன்றைக்குக் கிளிப்பச்சையில் ஒரு கோட், அதற்குள் சிவப்புச் சட்டை, நீலத்தில் ஒரு டை. டீச்சர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "யாருப்பா இது, பஞ்சவர்ணம்?" என்றார். அன்றிலிருந்து உனக்கு அதுதான் பெயர். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "தொழில் தெரிஞ்சவர் நீங்க சொல்லுங்க, இது என்ன துணி?" என்று டாக்டர் கேட்டார். என் வாயில் அப்போது நாலு குண்டூசி. அதை எடுத்துவிட்டு, அது என் தம்பி என்று சொல்ல ரெண்டு விநாடி போதும். நான் குண்டூசியை ஒவ்வொன்றாக எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு, "ஜன்னல் திரைக்கு வாங்கினதுல மிச்சம் போல இருக்கு" என்றேன். கடை அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடித்துப் போய்விட்டது, தம்பி. அதைத்தான் உன்னிடம் முதலில் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம். பெரிய பெரிய கட்டம் போட்ட கறுப்பு வெள்ளைக் கோட்டில் நீ வந்தபோது, "குதிரை யானையெல்லாம் எடுத்துட்டு வாங்க, செஸ் ஆடலாம்" என்றார் மாஸ்டர். சிவப்பில் தங்கப் பொத்தான் வைத்து வந்தபோது, "எங்கேயோ ஒரு பேண்டு வாத்தியக்காரர் சட்டையில்லாம நிக்கிறார்" என்றார் டாக்டர். கத்திரிப்பூ நிறத்தில் வெல்வெட்டில் வந்தாயே, அதற்கு நான், "சோபா கடையில உட்கார்ந்தவர் எழுந்திருக்கும்போது கூடவே வந்துடுச்சு" என்றேன். இந்த வாரம் என்ன நிறம் என்று ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுதி இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் வைப்போம். தோற்றவர் டீ போட வேண்டும். ஏழு வருஷத்தில் நான் டீ போட்டது நாலு தடவைதான். எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்பார்கள். தொழில் அனுபவம் என்பேன்.

கோட்டைவிட உன் பேச்சு. பந்து குழிக்குப் பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மெதுவா... மெதுவாம்மா... திரும்பாதே கண்ணு... இன்னும் ரெண்டே அடி..." என்று பந்தைக் கெஞ்சுவாயே, பக்கத்து அறைத் தொட்டிலில் யாரோ குழந்தையைப் போட்டுவிட்டு வந்த மாதிரி. டாக்டர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். ஒரு அம்மாள் வாயைத் திறந்து படுத்திருந்தபோது டிரில்லை எடுத்துக்கொண்டு குனிந்து, "மெதுவாம்மா, திரும்பாதே கண்ணு" என்றிருக்கிறார். அந்த அம்மாள் எழுந்து படியிறங்கிப் போனவர் இன்றுவரை திரும்பவில்லை, பாதிப் பல்லோடு எங்கே அலைகிறாரோ. பந்து குழி விளிம்பில் நின்றுவிட்டால் நீ அரை நிமிஷம் ஒன்றுமே பேச மாட்டாய். மற்ற வர்ணனையாளர்கள் அந்த அரை நிமிஷத்தில் மூன்று வருஷப் புள்ளிவிவரம் சொல்லிவிடுவார்கள். நீ சும்மா இருப்பாய். "பஞ்சவர்ணம் எழுந்து டீ குடிக்கப் போயிட்டார்" என்பார் டீச்சர். அது டீ இல்லை என்று எனக்குத் தெரியும். நம் அப்பா ஷேவ் பண்ணும்போது நீ கதவோரம் ஒளிந்து நின்று, "இதோ, மூக்குக்குக் கீழே வருகிறார்... ஆபத்தான இடம்..." என்று குசுகுசுவென்று சொல்லிக்கொண்டிருப்பாய். அவர் வெட்டிக்கொண்டதும் சத்தமே போடாமல் அரை நிமிஷம் நிற்பாய். அடுத்தவனுக்கு வலிக்கும்போது உனக்குப் பேச்சு வராது. ஏழு வயதிலேயே வராது. இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு நானும் அவர்களோடு சேர்ந்து, "ஆமாம், டீ குடிக்கத்தான் போயிட்டார்" என்பேன்.

நீ என் தம்பி என்று ஏன் சொல்லவில்லை என்று, விஷயம் தெரிந்த பிறகு இவர்கள் கேட்டார்கள். இன்றுவரை இவர்களிடம் முழுசாகச் சொல்லவில்லை, இப்போது எழுதுகிறேன், டீச்சர் திருத்தட்டும்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் அம்மா போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீ எங்கோ கடல் தாண்டி ஒரு பெரிய போட்டியின் கடைசி நாள் வர்ணனையில் இருந்தாய். செய்தி சொல்லியும் உன்னால் வந்து சேர முடியவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் எல்லாம் முடிந்து வீடு கழுவிவிட்ட பிறகு டாக்சியில் வந்து இறங்கினாய். மாம்பழ மஞ்சளில் கோட். வாசலில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கேட்டுக்கு வந்து வழியை மறித்துக்கொண்டு, "துணியை மாத்திட்டு வா. இந்தக் கோட்டோட வாசப்படி ஏறாதே" என்றேன். நீ மெதுவாக, "வேற துணி இல்லைண்ணா. ஏர்போர்ட்ல பெட்டி வந்து சேரலை" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "அப்ப பெட்டி வந்ததும் வா" என்றேன். நீ அரை நிமிஷம் நின்றாய். அப்புறம் அதே டாக்சியில் ஏறிப் போனாய். பெட்டி வந்ததா வரவில்லையா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. கோட்டைக் கழற்றிவிட்டு வா என்று சொல்லியிருக்கலாம். மூன்று பொத்தான். முப்பது வருஷமாகக் கோட் தைக்கிறவனுக்கு அது தோன்றவில்லை.

இந்த இடத்தில் டீச்சர் பேனாவை மூடி வெச்சுட்டு எழுந்து போயிட்டாங்க. ஒரு பிழை கூடத் திருத்தலை. இனிமே எப்படி வருதோ அப்படியே படிச்சுக்கோ.

இப்ப அந்த லெட்டர் விஷயம். போன வருஷக் கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை, ஆட்டம் மழையில நின்னுபோச்சு, எங்களுக்கும் பொழுது போகலை. விளையாட்டு வாரப் பத்திரிகை ஒண்ணு இருக்கே, அதுல ஆசிரியருக்குக் கடிதம் பகுதிக்கு பஞ்சவர்ணத்தைப் பத்தி எழுதுவோம்னு டீச்சர் சொன்னாங்க. அறிமுகம் டீச்சர், நடுவுல ரெண்டு வரி டாக்டர், மத்ததெல்லாம் நான்தான். வாய் விட்டுச் சொல்லிக்கிட்டே போனேன், டீச்சர் எழுதிக்கிட்டாங்க, மாஸ்டர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு தரையில உட்கார்ந்துட்டார். "காலர் கழுத்தோட பேச்சுவார்த்தை இல்லாமல் தள்ளி நிற்கிறது. தோள் தையல் ரெண்டு விரல் இறங்கி முழங்கையைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டது. கை நீளம் விரல்களை விழுங்கிவிட்டு ஏப்பம் விடுகிறது. இந்தக் கோட்டைத் தைத்தவர் இவரை நேரில் பார்த்ததே இல்லை, யாரோ வர்ணிக்கக் கேட்டுத் தைத்திருக்கிறார். முன்பு குழிக்குப் பக்கத்தில் மட்டும் குசுகுசுத்தவர் இப்போது வணக்கம் சொல்லும்போதே குசுகுசுக்கிறார். ஐயா, தொட்டில் குழந்தை எழுந்து காலேஜுக்கே போய்விட்டது, இனிமேல் நீங்கள் சத்தமாகப் பேசலாம்." இப்படி ஒரு பக்கம். கீழே "கேட்டுக்கு எதிர்ப்பக்கத்து ரசிகர்கள்"னு கையெழுத்து. அதைப் பத்திரிகைக்காரங்க படம் போட்டு வெளியிட்டாங்க. ஊரே சிரிச்சுது. ட்ரையலுக்கு வந்தவங்க எங்கிட்டயே படிச்சுக் காட்டினாங்க.

அடுத்த வாரம் நீ அந்தப் பக்கத்தைக் கையில வெச்சுக்கிட்டு டிவியில வந்தே. ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னால முழுசாப் படிச்சே. அந்தக் குசுகுசுக் குரல்லயே படிச்சே. தொட்டில் வரியில நீ சிரிச்சே, ஆனா சத்தம் வரலை, தோள் மட்டும் குலுங்கிச்சு. "எழுதினவருக்குத் துணி தெரியும்"னு சொல்லி, தாளை நாலா மடிச்சு உள் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டே. கடையில ஒரே கைதட்டல். டீச்சர் என் முதுகுல தட்டினாங்க. உன் அண்ணி டீ டம்ளரை எடுத்துட்டு வந்தவ, அப்படியே திருப்பி உள்ளே கொண்டுபோய்க் கொட்டிட்டா. ஏன்னு நான் கேக்கலை.

அப்புறம் மூணு வாரம் வந்தே. நாலாவது வாரம் நீ இல்லை. உன் நாற்காலியில ஒரு சின்ன வயசு ஆள். கருநீலத்துல சூட். ஒவ்வொரு அங்குலமும் அளவெடுத்துத் தச்சது, பொத்தான் காஜா கூட கையாலே போட்டது, ஒரு குறை சொல்ல முடியலை. நாலு பேரும் அவரையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். மூச்சு விடாமப் பேசறார். பந்து குழிக்குப் பக்கத்துல போகும்போது கூட காத்து எத்தனை கிலோமீட்டர் வேகத்துல அடிக்குதுன்னு சொல்றார். "நல்லாத் தச்ச கோட்டை எவ்வளவு நேரம்தான் பார்க்கறது?"ன்னு டீச்சர் எழுந்து போயிட்டாங்க. அதுக்கு அடுத்த ஞாயிறு, ரெண்டு அடிக்கு நடுவுல அந்தப் பிள்ளை சொல்லிச்சு. எங்கள் மூத்த வர்ணனையாளருக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்திருக்கிறது, அவர் இனி மைக் முன்னால் வர முடியாது, விரைவில் குணமடைய வாழ்த்துகிறோம்னு. பத்து விநாடி. அடுத்த விநாடி காத்து தென்மேற்குக்குத் திரும்பிடுச்சுன்னு போயிட்டார்.

"தொண்டையா?"ன்னார் மாஸ்டர்.

பல் டாக்டர் மெதுவா ஸ்டூல்ல உட்கார்ந்தார். "இருபத்தெட்டு வருஷமா மனுஷங்க வாயைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். ஒரு வருஷமா அந்தக் குரல் கம்மிக்கிட்டே வந்தது. என் காதுலதான் விழுந்தது. நான் மிமிக்ரி பண்ணிக்கிட்டிருந்தேன்"னார்.

அவருக்குக் காது. எனக்குக் கண்ணு. கடைக்குள்ள ஒருத்தன் நுழையும்போதே மார்பு நாப்பதா நாப்பத்திரண்டான்னு சொல்லிடுவேன், டேப் எடுக்கறதெல்லாம் கஸ்டமர் திருப்திக்கு. காலர் கழுத்தை விட்டு ஏன் தள்ளி நிக்கும்? தோள் தையல் ஏன் ரெண்டு விரல் இறங்கும்? தையல்காரன் தப்புப் பண்ணினா ஒரு கோட்டுல பண்ணுவான். நீ போட்ட அத்தனை கோட்டும், ரெண்டு வருஷத்துக்கு முன்னால போட்ட அதே செஸ் கோட்டும், எப்படி ஒரே நேரத்துல பெரிசாகும்? துணி வளராதுடா. உள்ளே இருந்த நீ குறைஞ்சிருக்கே. உன் உடம்பு இளைச்சதை நான் வாரா வாரம் அங்குலம் அங்குலமாப் பார்த்து, அதைத் தையல் குறைன்னு எழுதி, பத்திரிகைக்கு அனுப்பி, அதை உன் வாயாலேயே படிக்கவும் வெச்சுட்டேன்.

"அவன் என் தம்பி"ன்னேன்.

டிவி பாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்தது. "எந்தத் தம்பி?"ன்னு டீச்சர் கேட்டாங்க.

"எனக்கு ஒரே தம்பிதான், டீச்சர்."

மாஸ்டருக்குக் கோபம் வந்துடுச்சு. "ஏழு வருஷமா இங்க என்னென்ன பேசினோம்னு உங்களுக்குத் தெரியுமாய்யா?"

"தெரியும். பாதி நான் பேசினதுதானே."

யாரும் சிரிக்கலை. டீச்சர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க, மறுபடி போட்டாங்க, மறுபடி கழட்டித் துடைச்சாங்க. அப்பத்தான் உன் அண்ணி உள்ளேயிருந்து வந்து வாசல்ல நின்னா. "கொழுந்தனுக்கு எல்லாம் தெரியும்"னா. எதுன்னு கேட்டேன். எல்லாம்தான்னா. இந்தப் பதினொரு வருஷமும் அவளும் உன் மனைவியும் மாசத்துக்கு ரெண்டு தடவை போன்ல பேசிக்கிட்டுத்தான் இருந்தாங்களாம், நான் வட்டம் வட்டமாச் சாக்பீஸ் தேய்ச்சுக்கிட்டு முன்பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். உன் கோட்டைப் பார்த்து எங்க கடையில சிரிக்கிறாங்கன்னு ஆரம்பத்துலயே அவ உங்கிட்ட சொல்லியிருக்கா. நீ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டியாமே, "அண்ணன் சிரிச்சானா?"ன்னு. "முதல்ல சிரிக்கிறதே அவர்தான்"னு இவ சொல்லியிருக்கா. அதுக்கு அடுத்த வாரம்தான் தங்கப் பொத்தான் வெச்ச சிவப்புக் கோட் வந்ததாம். "சேனல்ல சாம்பல் கலர்தான் குடுப்பாங்களாம். கொழுந்தன்தான் லீவு நாள்ல கடை கடையா ஏறி எறங்கி இந்தக் கண்ராவியெல்லாம் தேடி வாங்குவாராம். உங்க ஒரு சிரிப்புக்கு"ன்னா. ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டருங்க சொன்னதும் இவளுக்குத் தெரிஞ்சிருக்கு. சொல்லக்கூடாதுன்னு நீதான் சத்தியம் வாங்கியிருக்கே. தெரிஞ்சா அண்ணன் சிரிக்கறதை நிறுத்திடுவான்னு சொன்னியாம்.

அந்தப் பத்திரிகை லெட்டர் எழுதினது நான்தான்னும் சொன்னியான்னு கேட்டேன்.

"அதை வேற சொல்லணுமா?"ன்னுட்டு உள்ளே போயிட்டா.

மறுநாள் ஒரு கஸ்டமருக்கு பேண்ட் வெட்டினேன். ஒரு கால் முழுக்கால், இன்னொரு கால் அரைக்கால். அதுக்கடுத்த நாள் ஒரு கல்யாண மாப்பிள்ளைக்குக் கோட்டுல ரெண்டு கையையும் இடது கையாவே வெட்டி வெச்சிருந்தேன். அவன் போட்டுப் பார்த்துட்டு, "அங்கிள், நான் எந்தப் பக்கம் பார்த்து நிக்கணும்?"னு கேட்டான். மாடியில டாக்டர் அன்னியிலிருந்து யார் வாயிலயும் குனிஞ்சு பேசறதில்லை, கைசாடைதான். போன சனிக்கிழமை நாலு பேரும் கூடினோம், டிவியில சத்தத்தைக் குறைச்சுட்டு வெறும் படம் மட்டும் பார்த்தோம். பந்து குழிக்குப் பக்கத்துல வந்ததும், பழக்க தோஷம், மாஸ்டர் "மெதுவாம்மா..."ன்னு ஆரம்பிச்சார். அதுக்கு மேல அவரால முடியலை. கார் சாவியை எடுத்துக்கிட்டு வெளியே போயிட்டார். அந்தப் பந்து விழுந்ததா இல்லையான்னு எங்க யாருக்கும் தெரியாது, நாங்க பார்க்கலை.

நீ கேக்கலாம், இவ்வளவு பெரிய லெட்டருக்குப் பதிலா ஒரு போன் பண்ணினா என்னன்னு. பண்ணினேன். உன் மனைவிதான் எடுத்தாங்க. "நான்தாம்மா"ன்னேன். யாருன்னு மறுபடி ஒரு தடவை கேட்டாங்க. அப்புறம், ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது, இப்ப வீட்டுக்கு வந்தாச்சு, கஞ்சி மாதிரி ஏதாவது இறங்குது, பேச்சு மட்டும் இனிமே பழைய மாதிரி வராது, ஒரு சிலேட்டு வெச்சிருக்கார், அதுல எழுதிக் காட்டறார்னு சொன்னாங்க. போனை அவர் காதுல வெக்கட்டுமா, நீங்க பேசுங்க, அவர் கேட்டுக்குவார்னாங்க. வேண்டாம்னுட்டேன். நான் பேசறது, நீ கேட்டுக்கிட்டு நிக்கறது, பதில் சொல்ல முடியாம போறது, இதுதானே நம்ம வீட்டுல எப்பவும் நடந்தது. இன்னொரு தடவை அதையே போன் வழியா நடத்த எனக்கு மனசு வரலை. எழுதினா நீயும் எழுதலாம். ரெண்டு பேரும் சமம்.

ஆகையால் தம்பி, கீழ்க்கண்ட காரியத்துக்காகவே இக்கடிதம். (இது டீச்சர் திரும்பி வந்து சொல்லிக் குடுத்த வரி. மறுபடியும் போயிட்டாங்க.) நான் உனக்கு ஒரு கோட் தைக்கணும். பதினெட்டு வயசுல உனக்கு முதல் கோட் நான்தான் தச்சேன், அதுக்கப்புறம் நீ போட்டதெல்லாம் ரெடிமேடு. என்ன நிறம்னு இங்க மூணு நாளாச் சண்டை. மாஸ்டர் ஆரஞ்சுங்கறார். டாக்டர் வாயைத் திறக்கமாட்டேங்கறார், ஆனா மாடியிலிருந்து நீலத்துலயும் பச்சையிலயும் துணி சாம்பிள் வெட்டி அனுப்பிக்கிட்டே இருக்கார். அதை நீ சிலேட்டுல எழுதிச் சொல்லு. என் பிரச்சினை அளவு. இப்ப உன் அளவு எனக்குத் தெரியாது. டிவியில நீ இல்லை, நான் எதைப் பார்த்து எடுப்பேன்?

உன் மனைவியை எடுத்து அனுப்பச் சொல்லு. உன்னை உட்கார வெச்சே எடுக்கட்டும், நிக்க வேண்டாம். மார்பளவு எடுக்கும்போது டேப்பை இறுக்கக் கூடாது, உள்ளே ரெண்டு விரல் சுலபமாப் போகணும். மூச்சைப் பிடிச்சுக்காதே, எல்லா ஆம்பளையும் அளவு எடுக்கும்போது மூச்சைப் பிடிச்சு மார்பைக் காட்டறான், அப்புறம் கோட் பெரிசா இருக்குன்னு எங்கிட்ட வந்து நிக்கறான். தோள் முனையிலிருந்து மணிக்கட்டு எலும்பு வரைக்கும் கை நீளம், கையை லேசா மடக்கினாப்புல வெச்சு. கழுத்தளவு எடுக்க வேண்டாம். அங்க கட்டுப் போட்டிருக்கும், டேப் படக் கூடாது. அந்த இடத்தை நான் உத்தேசமா வெச்சுக்கறேன், காலரைக் கொஞ்சம் மெத்துனு, உள்ளே மெத்துமெத்துனு ஃபிளானல் துணி வெச்சுத் தைக்கறேன். எதுவும் உறுத்தாது. எல்லா அளவுலயும் ரெண்டு அங்குலம் துணி உள்ளே விட்டு வெக்கறேன், நீ மறுபடி சதை போடும்போது பிரிச்சு விட்டுக்கலாம். போடுவே. உன் அண்ணியும் அதைத்தான் சொல்றா.

நான் நேர்ல வர்றதா இல்லை. அதைத் தெளிவாச் சொல்லிடறேன். உன்னை வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பினவன் எந்த முகத்தோட உன் வாசல்ல வந்து நிக்கறது? நீ வான்னு ஒத்தை எழுத்து எழுதினாலொழிய இந்தக் கடையை விட்டு ஒரு அடி நகர மாட்டேன். எழுதலைன்னாலும் வருத்தமில்லை, கோட் பார்சல்ல வந்துடும். மன்னிச்சுக்கோன்னு எழுத பேனாவை எடுத்தா கை வேற ஏதாவது எழுதிடுது, மேல நாலு இடத்துல அப்படி ஆயிருக்கு, அடிச்சிருக்கேன் பார். அதைப் பெரிசா எடுத்துக்காதே.

உன் மனைவிக்கு என் ஆசிகள். நீ நீண்ட ஆயுளோடும், நல்ல பசியோடும், உன் இஷ்டப்பட்ட நிறத்தோடும் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அண்ணன்.

பின்குறிப்பு: மேல எழுதினது எதுவும் செல்லாது. லெட்டரை ஒட்டி கையில வெச்சுக்கிட்டு நின்னேன், தபால் போய்ச் சேர நாலு நாள் ஆகும்னு மாஸ்டர் சொன்னார். கார்ல எவ்வளவு நேரம்னு டீச்சர் கேட்டாங்க. அஞ்சு மணி நேரம்னார். அவ்வளவுதான். டாக்டர் மாடியில "இன்று விடுமுறை"ன்னு போர்டு மாட்டிட்டு இறங்கி வந்துட்டார், மாஸ்டர் கத்துக்குடுக்கற காரையே வாசல்ல கொண்டுவந்து நிறுத்திட்டார், உன் அண்ணி ஏற்கெனவே முன் சீட்டுல உட்கார்ந்து ஹாரன் அடிக்கறா, அவ பக்கமும் ஒரு பிரேக் இருக்கு, அதனால அஞ்சு மணி நேரம் ஏழாகும். இதை ஒட்டினதைப் பிரிச்சு பின் சீட்டுல டாக்டருக்கும் டீச்சருக்கும் நடுவுல நசுங்கிக்கிட்டு எழுதறேன், கையெழுத்து கோணலா இருந்தா அது பிரேக். நாங்க வர்றது உன் மனைவிக்கு மட்டும் தெரியும், அஞ்சு பேருக்கும் இடம் இருக்குன்னு சொல்லிட்டாங்க.

அளவு யாரும் எடுக்க வேண்டாம், நானே எடுத்துக்கறேன். லெட்டரையும் நீ படிக்க வேண்டாம், இதுல இருக்கறதை எல்லாம் உன் முன்னால உட்கார்ந்து வாயாலேயே சொல்லிடறதா இருக்கேன். ஒருவேளை சொல்லாம, உன் தோளையும் கையையும் மட்டும் அளந்துக்கிட்டு ஊர்ப்பட்ட கதை பேசிட்டுக் கிளம்பிட்டேன்னா, உன் தலையணைக்கு அடியில பாரு. இதை அங்க வெச்சுட்டு வந்திருப்பேன். கார் தெருவைத் தாண்டினப்புறம் எடுத்துப் படிச்சுக்கோ.